தோட்டத் தொழிலாளிக்கு நாவல் எதற்கு?

(புக்கிட் செலம்பாவ் தோட்டக் கிராணி ஒருவர்)

"நாவல் படித்தால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கிளைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "கொஞ்சம் பணம் ஒதுக்கி நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கி வைக்கலாம்" என்று சொன்னால் போதும். உடனே வேறொருவர் எழுந்து, "முதலில் சம்பளத்தைப் பேசுவோம், கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். கைதட்டலும் அவருக்குத்தான் கிடைக்கிறது. அவர் மீது நமக்குக் கோபம் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர் அப்படிக் கேட்பது நியாயமே. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டியது படிக்கிறவர்களாகிய நம் கடமை. அந்தப் பதிலைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். தோட்டத் தொழிலாளி நாவல் படிக்காதவன் அல்லன். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கல்கி அவர்கள் 1950-ஆம் ஆண்டில் தொடங்கி எழுதிய "பொன்னியின் செல்வன்" கடல் கடந்து வந்து லயத்து வாசலில் உரக்கப் படிக்கப்பட்டது. டாக்டர் மு. வரதராசனாரின் "அகல் விளக்கு", அகிலனின் "பாவை விளக்கு" ஆகியவை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீட்டிலிருந்து கிராணி வீட்டுக்கும், அங்கிருந்து தண்டல் வீட்டுக்கும் போய், அட்டை கிழிந்து, கஞ்சி தடவி ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த "தமிழ் நேசன்" ஏட்டின் ஞாயிறு மலரை எதிர்பார்த்துக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே "தோட்டத்தானுக்குக் கதை எதற்கு?" என்பது நாம் கண்டுபிடித்த கேள்வி அன்று. படித்து வந்த பழக்கம் நம்மை விட்டுப் போன பிறகு முளைத்த கேள்வி அது.

சரி, அந்தக் காலத்தில் நம்மவர்கள் எதை அதிகமாக விரும்பினார்கள்? அரசர் கதைகளை. சாண்டில்யனின் "கடல் புறா"வைக் கையில் எடுத்தவர் விளக்கை அணைக்க மறந்தார். அதிலே வரும் கடாரம் எது? நாம் இன்று மரம் வெட்டிக்கொண்டிருக்கும் இதே கெடாதான். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கியதாகக் கல்வெட்டுக் கூறும் கடாரம் இதுவே என்பது அறிஞர் கருத்து. புக்கிட் செலம்பாவிலிருந்து பார்த்தால் ஜெராய் மலை தெரிகிறது. அதன் அடிவாரத்திலே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடக்கின்றன. பீடோங் பக்கத்துச் சுங்கை பத்துவில் பழங்காலத்து இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் "கூலி" என்று அழைக்கப்பட்டவன், இரவிலே "இந்த மண்ணுக்கு உன் மொழி பேசியவன் கப்பலேறி வந்திருக்கிறான்" என்று ஒரு புத்தகம் சொல்லக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அது வெறும் பொழுதுபோக்கா? அன்று, பட்ட அவமானத்துக்கு அது ஒரு மருந்து. அரசர் கதை படித்த நம் பெரியவர்களை நான் ஒருபோதும் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் மருந்து மட்டும் உணவாகிவிடாது. அரண்மனையும் ஓடமும் இளவரசியும் நிறைந்த அந்தப் பக்கங்களில் நம் பாட்டி எங்கே? மங்கும் வாளியும் எங்கே? காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க மேடு ஏறிய நம் அப்பா எங்கே? கப்பலில் வந்த சோழ வீரனைத் தெரிந்துகொண்ட நாம், கப்பலில் வந்த நம் சொந்தக் கொள்ளுத்தாத்தாவைத் தெரிந்துகொண்டோமா?

நான் தொழிலால் கணக்கு எழுதுகிறவன். ஆகையால் கணக்கைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. பெயர், வேலை செய்த நாள், அரை நாள், வராத நாள், பாலின் எடை, ஒட்டுப்பால், கட்டிப்பால், பிடித்தம், கையில் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். ஒரு காசு தவறினாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அன்று அவள் ஏன் வரவில்லை, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், வாங்கிய சம்பளத்தில் கடைக்காரருக்குப் போனது போக என்ன மிஞ்சிற்று, அந்த இரவு அவள் தூங்கினாளா என்பவற்றுக்கு அந்தப் பேரேட்டில் இடமே இல்லை. தோட்டம் கைமாறினால் பேரேடும் போய்விடும். கரையான் தின்றதும் உண்டு, எரித்ததும் உண்டு. நம் மக்கள் நூறாண்டுக்கு மேல் இந்த நாட்டில் உழைத்ததற்கு நாம் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி என்ன? சொத்துப் பத்திரமா? நம்மில் பலரிடம் அது இல்லை. கல்லில் வெட்டிய பெயரா? அதுவும் இல்லை. நாவல் இருக்கிறது. அதனால்தான் நான் நாவலைப் போற்றுகிறேன்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் சயாம் ரயில். 1942-43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. இவற்றால் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியிலே அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் இடுகாடு இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வரிசை வரிசையாக, பெயரும் படைப்பிரிவும் பொறித்த கல்லுக்குக் கீழே துயில்கிறார்கள். அது நல்ல காரியம். இறந்தவனுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை ஒன்றும் கிடையாது. காட்டிலே குழி தோண்டிப் பத்துப் பேரை ஒன்றாகப் போட்டு மூடியவர்கள் பெயர் எழுதியா வைத்தார்கள்?

இந்த இடத்தில்தான் இரண்டு நாவல்கள் வந்து நிற்கின்றன. ஒன்று 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்". மற்றொன்று 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்". இரண்டாவது நாவலின் பெயரைப் பாருங்கள்! கல்லால் கட்டப்படாத சின்னத்தைக் காகிதத்தால் கட்டியிருக்கிறார் ஆசிரியர். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் தகப்பனார் சயாமுக்குப் போய்த் திரும்பவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இந்தக் கதையைப் பகுதி பகுதியாகப் படித்துக் காட்டினேன். பாதியில் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "எங்கே போனார் என்றாவது இப்போது தெரிந்தது" என்று மட்டும் சொன்னார். வயிறு நிறையுமா என்று கேட்கிறார்களே, அந்தப் பெரியவருக்கு நிறைந்தது எது?

அ. ரெங்கசாமி அவர்கள் 1930-ஆம் ஆண்டில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜப்பானியர் காலத்துத் தோட்டத்தை "புதியதோர் உலகம்" என்னும் நாவலிலும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தை "லங்காட் நதிக்கரை"யிலும் எழுதினார். அவசர காலம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஏறக்குறைய 5 லட்சம் பேரைக் குடி பெயர்த்துப் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் வைத்தார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். இரவில் காட்டிலிருந்து ஒருவன் வந்து சோறு கேட்பான், பகலில் பட்டாளத்தான் வந்து "ஏன் கொடுத்தாய்?" என்று கேட்பான். நடுவிலே நின்றவன் தொழிலாளி. சரித்திரப் புத்தகம் இரு பக்கத்துத் தலைவர்களையும் எழுதுகிறது. நடுவில் நின்றவனை நாவல்தான் எழுதுகிறது.

அடுத்து ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920-ஆம் ஆண்டில் பிறந்து, இளம் வயதில் மேடானுக்குப் பிழைக்க வந்து, போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் "தினத்தந்தி"யில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு: 1959-ஆம் ஆண்டில் வந்த "கடலுக்கு அப்பால்", பல ஆண்டுகள் காத்திருந்து 1972-ஆம் ஆண்டில் அச்சேறிய "புயலிலே ஒரு தோணி". முன்னதிலே பினாங்கு வட்டிக்கடைப் பையன் செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் கணக்குப் பேனா பிடிக்க உதவான் என்று முதலாளி மகளைக் கொடுக்க மறுத்துவிடுகிறார். இந்த இரண்டு நாவல்களிலும் பால்மரக் காட்டுக்குள் ஆசிரியர் அதிகம் நுழையவில்லை. கடைத்தெருவும் கப்பல் துறையும் படை முகாமுமே அவர் உலகம். இருந்தும் நான் அவரைப் போற்றுகிறேன். ஏன்? அந்த இராணுவத்தில் சேர்ந்தவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம்; ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலத்தில் அவர்கள் நிமிர்ந்து அணிவகுத்து நடந்தார்கள். போர் முடிந்ததும் மறுபடி உளியை எடுத்துக்கொண்டு அதே நிரைக்குப் போக வேண்டியதாயிற்று. செல்லையாவின் கசப்பைப் படிக்கும்போது நமக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் கசப்பு விளங்குகிறது.

அகிலன் அவர்கள் இந்நாட்டுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்துச் சென்று எழுதிய "பால்மரக் காட்டினிலே" பற்றி நம்மிடையே இரண்டு கருத்து உண்டு. "சில நாள் விருந்தாளியாக வந்தவருக்கு நம் பாடு என்ன தெரியும்?" என்பார் சிலர். கொஞ்சம் உண்மைதான், நம் பேச்சு அதில் நம் பேச்சாக இல்லை. ஆனால் ஞானபீடப் பரிசு பெற்ற ஓர் எழுத்தாளர் நம் லயத்து வாசலுக்கு வந்து உட்கார்ந்து கேட்டார். கேட்டதைத் தமிழ்நாட்டு வாசகருக்குக் கொண்டுபோய்ச் சொன்னார். "மலேயாவுக்குப் போனவன் பணக்காரன்" என்று நினைத்திருந்த உறவினர்களுக்கு அந்தப் புத்தகம் வேறு கதை சொல்லிற்று. அந்த உதவியை மறப்பது நன்றி அன்று.

நம் பேச்சு வேண்டுமானால் நம் கெடா மாநிலத்துக்காரரான சீ. முத்துசாமியைப் படிக்க வேண்டும். "மண்புழுக்கள்" என்னும் அவருடைய நாவலில் தோட்டத்து மனிதர்கள் தோட்டத்து மனிதர்களாகவே பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். "இவ்வளவு கொச்சையா?" என்று முகம் சுளித்த படிப்பாளிகளையும் நான் அறிவேன். மேடையில் பேசும் தமிழ் ஒன்று, ஆயாக்கொட்டகை வாசலில் பேசும் தமிழ் ஒன்று. இரண்டும் தமிழே. முன்னதை ஆயிரம் புத்தகம் காப்பாற்றும். பின்னதை இந்த மாதிரி நாவல் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்? 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்துப் பாராட்டினார்கள். நம் கெடாவிலே எத்தனை தோட்டத்தில் அவர் புத்தகம் இருக்கிறது?

நம் நாட்டோடு நின்றுவிட வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கோகிலம் சுப்பையா அம்மையார் 1964-ஆம் ஆண்டில் "தூரத்துப் பச்சை" என்று எழுதினார். வால்பாறையில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று 2007-ஆம் ஆண்டில் தமிழில் தந்தார். "பரதேசி" படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் சாயல் தெரியும். இவற்றைப் படித்தால் ஒன்று விளங்கும். முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் கங்காணி, எத்தனை வருடம் உழைத்தும் தீராத கடன், ஊருக்குத் திரும்ப முடியாத நிலை. ஊரும் பயிரும்தான் வேறு, கதை ஒன்றே.

இங்கே சங்கத்துக்குப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. இன்று நம் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்கள். "அவர்கள் வந்துதான் நம் பிழைப்பைக் கெடுத்தார்கள்" என்று சிலர் பேசக் கேட்கிறேன். அப்படிப் பேசுகிறவர் கையில் நான் "தூரத்துப் பச்சை"யைக் கொடுக்க விரும்புகிறேன். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவன், மொழி தெரியாத காட்டில் நிற்கிறவன், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை விரல் விட்டு எண்ணுகிறவன் யார்? நூறு வருடத்துக்கு முன் அவன் பெயர் முனியாண்டி; இன்று வேறு பெயர். அவனைப் பகைப்பதா, சங்கத்தில் சேர்த்துச் சம்பளத்தை ஒன்றாகக் கேட்பதா? நல்ல நாவல் படித்தவனுக்கு இந்தக் கேள்வியின் விடை கடினமாயிராது. சம்பளம் முதலா கதை முதலா என்று கேட்டாரே, அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான்: அடுத்தவன் பாட்டைத் தன் பாடாக நினைக்கத் தெரிந்தவர்கள் கூடினால்தான் சங்கம், சங்கம் இருந்தால்தான் சம்பளம்.

"தோட்டத்து நாவல் என்றாலே அழுகைதானே?" என்று இன்னொரு குறை சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. சில ஆசிரியர்கள் கள்ளுக்கடையையும் சாவையும் தவிர வேறொன்றும் காண்பதில்லை. பெண்ணைக் காட்டினாலும் கெடுக்கப்பட்டவளாக அல்லது கண்ணீர் விடுகிறவளாக மட்டுமே காட்டுகிறார்கள். இருட்டிலே எழுந்து சோறு பொங்கி, பிள்ளையை ஆயாவிடம் விட்டு, ஆணுக்குச் சமமாக நிரை வெட்டி, சம்பள நாளில் என் மேசை முன் நின்று "கிராணியாரே, பதினேழாம் தேதி மழைக்கு முன்னாலேயே நான் வெட்டி முடித்தேன், அதை ஏன் அரை நாளாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கணக்குக் கேட்கிறாளே, அந்தப் பெண் எந்த நாவலில் முழுமையாக இருக்கிறாள்? அவளை எழுத வேண்டியது இனிமேல் வரும் எழுத்தாளர் கடமை. அவள் மகளே எழுதினால் இன்னும் நல்லது.

இனி நடக்க வேண்டிய காரியத்துக்கு வருவோம். தோட்டங்கள் விற்கப்படுகின்றன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்று கைமாறியபோது பழைய மண்டபத்தை இடித்தார்கள். அங்கே இருந்த படிப்பக அலமாரியைப் பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டு போனான். புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கிலோ சில காசு! அவற்றுள் மறுபதிப்புக் காணாத உள்நாட்டு நாவல்களும் இருந்தன. இந்நாட்டில் தமிழ் நாவல் தோன்றி நூறாண்டு கடந்துவிட்டது, க. வெங்கடரத்தினத்தின் "கருணாசாகரன்" 1917-ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் சில நூறு பிரதி அச்சடித்த புத்தகம், எடைக்குப் போனால் போனதுதான். மரத்தை மறுநடவு செய்யலாம். அந்தப் புத்தகத்தை மறுநடவு செய்ய விதை வேண்டுமல்லவா?

ஆகவே நான் கேட்பவை மூன்று. ஒன்று: ஒவ்வொரு கிளையும் ஓர் அலமாரி வைக்க வேண்டும், முதலில் வாங்க வேண்டியவை நான் மேலே பெயர் சொன்ன நாவல்கள். இரண்டு: தோட்டம் கைமாறும் செய்தி வந்தால், நட்ட ஈட்டுக் கணக்கோடு படிப்பகப் புத்தகங்களின் கணக்கையும் கிளைச் செயலாளர் எடுக்க வேண்டும். மூன்று: மாதம் ஒரு முறை கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். கண் மங்கிய பெரியவர்களும் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அப்போது ஒன்றாக உட்கார்வார்கள். பெரியவர்கள் "இல்லை, அப்படி நடக்கவில்லை, இப்படித்தான் நடந்தது" என்று குறுக்கே சொல்வார்கள். அதை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாவலுக்கு அதுவே வித்து.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். 1960-ஆம் ஆண்டில் தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வீதிக்கு வந்த வேளையில், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்களையே வாங்கினோம். தோட்டம் வாங்கிய கைகளுக்குப் பத்துப் புத்தகம் வாங்குவது பாரமா?

தோழர்களே! உங்கள் வீட்டு மேல்தட்டில், பழைய இரும்புப் பெட்டியில், அட்டையில்லாத ஒரு நாவல் கிடக்கலாம். அதை வீசிவிடாதீர்கள். துடைத்து எடுத்து, கிளைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாப் புத்தகத்தோடு அதையும் கையில் எடுத்து வாருங்கள்.